ஏழாம் நாள் எடுத்த முட்டு

மூன்றாவது கியூபும் பதிமூன்றில் உடைந்தது. கட்டியை அழுத்தி உடைத்துப் பலம் பார்க்கும் எந்திரத்தின் முள் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு சட்டென்று பின்னால் விழுந்தது. முக்கால் சாண் உயரமுள்ள அந்தக் கான்கிரீட் கட்டி, மூலைகள் உதிர்ந்து இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே கரும்பச்சை. கசடு கலந்த கான்கிரீட்டை இளசில் உடைத்தால் உள்ளே அப்படித்தான் இருக்கும். காற்றுப் பட்டால் சில நாளில் வெளுத்துவிடும். புதிதாகப் பார்ப்பவர்கள் பாசி பிடித்துவிட்டது என்பார்கள். எனக்கு அந்த நிறம் பிடிக்கும். இருபத்தெட்டாம் நாளில் முப்பது வரவேண்டிய கலவை ஏழாம் நாளில் பதிமூன்று காட்டியதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை, கவலையும் இல்லை. குளிர்காலம். இந்தக் கலவை இறுகுவதற்கு நாள் எடுக்கும். பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதினேன்: ‘பதினான்கு நாளுக்கு முன் தளத்தைத் தாங்கும் முட்டு எடுக்கக் கூடாது.’ கீழே கோடு போட்டேன். கோடு போட்டு முடிப்பதற்குள் வெளியே சங்கு ஊதியது.

வேலை நேரச் சங்கு ஒரு தடவை ஊதி நிற்கும். இது நிற்கவில்லை.

நாங்கள் இருந்தது ஓர் இரும்பு ஆலை. உலையில் இரும்பை உருக்கும்போது மேலே ஆடை மாதிரி மிதக்கும் கழிவுதான் கசடு. அதைப் பல வருஷமாக ஆலைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளம் மேடாகி, மேடு மலையாகி, காற்றடித்தால் குடியிருப்பில் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். உருகிய கசடு சூடாக இருக்கும்போதே அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் அது பொரிந்து மணலாகிவிடும். அந்த மணலை மாவாக அரைத்தால் சிமெண்ட்டுக்குப் பதிலாகப் பாதிக்கு மேல் கலக்கலாம். ஒரு மூட்டை சிமெண்ட்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் ஏறக்குறைய முக்கால் மூட்டை எடைக்குக் கரியமில வாயு மேலே போகிறது. கசடுக்கு அந்தச் சூளையே வேண்டாம். இதைச் சொல்லிச் சொல்லியே ஆறு வருஷம் போனது எனக்கு. என்னைக் கண்டால் ‘கசடு வந்துடுச்சு’ என்று ஒதுங்கிப் போனவர்கள் உண்டு. முன்னூறுக்கும் மேற்பட்ட கலவைகள் போட்டுப் பார்த்து, கடைசியில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு கசடு என்று நின்றேன். மேலாளர் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய கூட்டங்களில் பேசினார். தொழிலாளர் உணவுக்கூடத்தை முழுக்க என் கலவையில் கட்டுவது என்று முடிவானது. தளம் போட்ட பத்தாம் நாள் வெளியாட்கள் பார்க்க வருகிறார்கள் என்பதும் முடிவானது. பத்தாம் நாளுக்குள் ஆகுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

அந்தக் கட்டடத்தில், தளம் இறுகும்வரை அதைத் தாங்கப் பலகை அடித்து முட்டுக் கொடுக்கும் சென்டரிங் மேஸ்திரி என் தம்பி.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கூடத்தின் நடுப்பகுதித் தளம் கீழே கிடந்தது. இரண்டு பக்கமும் தளம் அப்படியே முட்டுகளின் மேல் நின்றது, நடுவில் பல் விழுந்த மாதிரி வானம் தெரிந்தது. கம்பிகள் தொங்கின. ஆட்கள் கடப்பாரையால் நெம்பிக்கொண்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். என் தம்பியைப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். முகமெல்லாம் புழுதி. வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்ப முடியாத பக்கம் திரும்பியிருந்தது. அவனுக்குப் பின்னால் இன்னொரு பலகை வந்தது. அதை மூடியிருந்தார்கள். மூடிய சாக்குக்கு வெளியே தெரிந்த செருப்பைப் பார்த்ததும் அது ரேடியோ என்று தெரிந்துவிட்டது.

ரேடியோ தம்பியின் ஆட்களிலேயே மூத்தவர். வாயை மூடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். கான்கிரீட் போட்ட அன்று என்னிடம், “லேப் அக்கா, உங்க கலவை எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி. எழுந்திருக்க நேரமாகும். எழுந்துட்டா ஒருத்தன் கிட்ட நிக்க முடியாது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். இன்னும் கொஞ்சம் நின்று பேசியிருக்கலாம். எனக்குக் கியூப் அச்சுகளை நிரப்ப வேண்டிய அவசரம்.

மறுநாள் மத்தியானம்தான் தம்பி பேசினான். காலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். வார்டின் கடைசியில் ஒரு முக்காலி போட்டு ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். தம்பி பெண்டாட்டி அவரையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ரேடியோ எங்க?”

நான் அவன் போர்வையை இழுத்துவிட்டேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னான்.

“நான் கேட்டேன்க்கா. லேப்ல இருந்து பேப்பர் எதுவும் வரலியே சார், கேட்டுட்டுப் பிரிக்கலாமேன்னு கேட்டேன். இன்ஜினியர் சிரிச்சாரு. ‘உங்க அக்கா போட்ட கலவை. நீயே நம்பலைன்னா வேற எவன்யா நம்புவான்’னாரு. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. என் அக்கா கலவை விழாதுன்னு சொல்லிட்டு, மொத முட்ட நானே தட்டினேன்.”

பேப்பர் போயிருந்தது. கான்கிரீட் போட்ட அன்றைக்கே, பதினான்கு நாள் என்று கொட்டை எழுத்தில் எழுதி, சைட் ஆபீசுக்கு அனுப்பியிருந்தேன். வாங்கியவர் கையெழுத்து என்ற இடத்தில் யாரோ ஒரு கிறுக்கல் போட்டிருந்தார்கள். அது இன்ஜினியரின் மேஜை வரை போனதா, டீ கிளாசுக்கு அடியில் போனதா, தெரியாது. எனக்கு அதைவிட வேறொன்றுதான் உறுத்தியது. நானும் அவனும் ஒரே வீட்டில் இருக்கிறோம். புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து அவன் வீட்டு மாடி அறைதான் என் வீடு. தினமும் காலையில் ஒரே அடுப்பில் போட்ட டீயைக் குடித்துவிட்டுத்தான் இருவரும் கிளம்புவோம். சிமெண்ட்டைவிடக் கசடு கெட்டி, இரும்பாய் நிற்கும், உன் பேரன் காலத்துக்கும் நிற்கும் என்று ஆறு வருஷம் அவனிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். நேரமாகும், அவசரப்படாதே என்ற ஒரு வரியை மட்டும் ஆபீஸ் பேப்பரில் எழுதி ஆபீஸ் வழியாக அனுப்பினேன். முட்டு எடுத்த அன்று காலை அவன், “இன்னைக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சிரும்” என்று சொல்லிக்கொண்டே போனான். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. குடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். அவர் அறையில் என் கலவையின் கியூப் ஒன்று, மெருகேற்றி, பேப்பர் பறக்காமல் இருக்க மேஜையில் இருக்கும். அன்று அது இல்லை. சைட் இன்ஜினியர் ஜன்னலோரம் நின்றிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்ததும் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

“உட்காரும்மா. தம்பி எப்படி இருக்கார்?”

“இருக்கான் சார்.”

“விசாரணைக்கு ஆள் வரப்போறாங்க. ஒரு உயிர் போயிருக்கு. எதனாலன்னு எழுதியாகணும்.”

“ஏழாம் நாள் முட்டு எடுத்ததனால சார். பதினாலு நாள்னு எழுதிக் குடுத்திருந்தேன்.”

“சரி. எடுத்தது யாரு?”

“எடுக்கச் சொன்னது இவரு.”

இன்ஜினியர் காலண்டரை விட்டுத் திரும்பவில்லை. மேலாளர் குரலை உயர்த்தவும் இல்லை. “எழுத்துல இருக்கா?” என்றார். பிறகு அவரே சொன்னார். “இருக்காது. வாயால சொல்றதுதான் சைட்ல வழக்கம். இவரு நான் சொல்லலைன்னுவாரு. அவரு சொன்னாருன்னு உன் தம்பி சொல்வாரு. ஆனா முட்டத் தட்டினது உன் தம்பி கை. பாத்தவங்க இருபது பேரு. ஆள் செத்திருக்கான். உள்ள போகவேண்டியது யாருன்னு நீயே சொல்லு.”

நான் ஜன்னலோரம் நின்ற இன்ஜினியரைப் பார்த்தேன்.

“இன்னொரு விதமாவும் எழுதலாம்” என்றார். ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். அதில் எல்லாம் தயாராக இருந்தது. அந்தத் தாளின்படி, அனுமதித்த கலவையில் கசடு முப்பத்தைந்து பங்குதான். அந்தக் கலவைக்கு ஏழு நாளில் முட்டு எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் எடை போடும் தராசு பிசகியதால் அன்றைக்குக் கசடு அறுபத்தைந்து பங்கு விழுந்துவிட்டது. தராசைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பு லேப்பினுடையது. “தராசு மேல கேஸ் போட முடியாது பாரு” என்று சொல்லி அவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கே பிடிக்கவில்லை போல. உடனே தண்ணீர் குடித்தார்.

“இதுல கையெழுத்துப் போட்டா இந்தக் கலவைய இனி ஒருத்தரும் தொடமாட்டாங்க சார்.”

“தொடமாட்டாங்கதான். எனக்கும் வருத்தம்தான்ம்மா. நானும்தானே ஊர் ஊராப் போய்ப் பேசினேன்.”

அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கெட்ட மனுஷர் என்றால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன்.

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கத்தில் அவன் வலது கை எதையோ தட்டித் தட்டி எடுத்துக்கொண்டிருந்தது. சுத்தியல் பிடித்த கை அப்படித்தான் அசையும். போலீஸ்காரர் முக்காலியில் கால் மேல் கால் போட்டு, தம்பி பெண்டாட்டி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அவள் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கேட்டாள். “அண்ணி, இவர ஜெயில்ல போட்டுருவாங்களா? நீங்க படிச்சவங்க. நெசத்தச் சொல்லுங்க.”

நிஜம் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பதிலாக வந்த சிரிப்பு. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டேன். பதிவேட்டிலிருந்து சிவப்பு மையால் எழுதிய பக்கத்தை நானே பிளேடு வைத்து நறுக்கி எடுத்து, புதுப் பக்கம் ஒட்டினேன். வருஷக்கணக்கில் கோடு போட்டுப் பழகிய கை, நேராகத்தான் நறுக்கியது. தொட்டியில் தண்ணீருக்குள் இருபத்தெட்டாம் நாளுக்காக ஒன்பது கியூபுகள் காத்திருந்தன. அவற்றையும் அள்ளிக் கொட்டச் சொல்லிவிட்டார்கள். விசாரணைக்கு வந்தவர் காரை விட்டு இறங்கி, மேலாளர் அறைவரை நடந்து, தாள்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கட்டடத்தின் பக்கம் அவர் செருப்பு போகவேயில்லை. அன்று மாலை நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வார்டின் கடைசியில் முக்காலி மட்டும் இருந்தது.

அறிக்கையில் கடைசி வரி இப்படி முடிந்தது: எடையில் சிறு பிழை நேர்ந்தாலே உயிருக்கு ஆபத்தாகும் பொருள். ஒரே வாரத்தில் கசடு அரைக்கும் ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள். லாரிகள் மறுபடியும் பழைய சிமெண்ட்டை ஏற்றி வந்தன. கசடு மறுபடியும் பள்ளத்துக்குப் போனது. என்னை லேப்பிலிருந்து மாற்றி, கேட்டில் லாரி எடைபோடும் அறையில் உட்காரவைத்தார்கள். தராசைப் பார்க்கத் தெரியாதவளைத் தராசிலேயே உட்காரவைத்திருக்கிறார்கள் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். இன்ஜினியர் வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போனார். போகிற அன்று எடை அறை ஜன்னலில் குனிந்து, “ரொம்ப நன்றிக்கா” என்றார். நல்ல பிள்ளை மாதிரிதான் சொன்னார். நான் சீட்டைக் கிழித்து அடுத்த லாரிக்குக் கொடுத்தேன்.

ரேடியோவின் மனைவி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். தம்பி அப்போது வீட்டுக்கு வந்திருந்தான், கூடத்தில் படுத்திருந்தான். அவர் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கட்டுப் போட்ட காலைத் தடவிக் கொடுத்தார். “நீ என்னப்பா பண்ணுவ. சொன்ன வேலையச் செஞ்ச” என்றார். தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதான். மாடிப்படியில் நின்ற என்னை அவர் போகும்போது ஒரு தடவை பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு தம்பி பெண்டாட்டி எனக்குச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி மாடிப்படியின் முதல் படியில் வைக்க ஆரம்பித்தாள். கூப்பிடுவது நின்றது. “அண்ணி” என்ற சொல்லே வீட்டில் நின்றுபோனது. பார்க்க வருகிறவர்களிடம், “யாரோ தராசப் பாக்காம விட்டாங்களாம்” என்று அவள் சொல்வது மேலே கேட்கும். அந்த ‘யாரோ’வைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தட்டைக்கூட வைத்திருக்கமாட்டேன்.

தம்பிதான் என்னைக் கொன்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மடங்காத காலை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து மாடிக்கு வந்தான். ஏறி முடிக்கக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். என் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. நீ வேணும்னு செஞ்சியா? இல்ல. தப்பு யாருக்கும் வரும். நான் உன்மேல எதுவும் வச்சுக்கல. அவ பேசுறத விடு, அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“மொதல்ல நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சேன்க்கா. ஆஸ்பத்திரில கண்ண மூடினா ரேடியோதான். அப்புறம் கலவைதான் தப்புன்னு சொன்னாங்க பாரு, அன்னிக்குத்தான் தூங்கினேன். உன்னச் சொல்லக் கூடாதுதான். ஆனா எனக்கு உசுரு வந்துச்சு.”

“ம்” என்றேன்.

“ஒரே ஒரு வார்த்தை நீயே வந்து சொல்லியிருக்கலாம். தராசு பிசகிடுச்சு, மன்னிச்சிருடான்னு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.”

எதிர்பார்த்து என்னைப் பார்த்தான். குழந்தையாக இருந்தபோது கையில் இருப்பதைக் கொடு என்று பார்ப்பானே, அந்தப் பார்வை. எனக்கு வாய்வரை வந்தது. எது வந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை, உண்மையா, அவன் கேட்ட பொய்யா. “மன்னிச்சிருடா” என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு என் கையைத் தட்டிக்கொடுத்தான். இறங்கும்போது பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

நான்காம் மாதம் டாக்டர் அவனைத் தினமும் நடக்கச் சொன்னார். கொஞ்ச நாள் தெருமுனைவரை போய் வந்தான். ஒரு நாள் அந்தக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்றான். வேண்டாம் என்றேன். வெயில், தூரம், புழுதி என்று ஏதேதோ காரணம் சொன்னேன். “ரேடியோ விழுந்த எடத்த ஒரு தடவ பாக்கணும்க்கா. நீ வராட்டி நான் தனியாப் போறேன்” என்று கைத்தடியை எடுத்துவிட்டான். பின்னாலேயே போனேன்.

விழுந்த பகுதியை எப்போதோ அள்ளிவிட்டிருந்தார்கள். மிச்சம் நின்ற இரண்டு பக்கத் தளங்களையும் ஆபத்து என்று இடித்துக்கொண்டிருந்தார்கள். முட்டுகளை அவற்றுக்கு அடியிலிருந்து எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள். தளம் அந்தரத்தில் தானாகவே நின்றது. மேலே நான்கு பேர் வரிசையாக நின்று சம்மட்டியால் அடித்தார்கள். அடித்த அடி எகிறி அவர்கள் தோளுக்கே திரும்பி வந்தது. கணீர் கணீர் என்று சத்தம்.

தம்பி கொஞ்ச நேரம் நடுவில் இருந்த வெட்டவெளியைப் பார்த்தபடி நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டவன் போல அண்ணாந்து பார்த்தான். இருபது வருஷம் தளத்துக்கு அடியில் நின்று, தட்டிப் பார்த்தே நாள் சொல்கிறவன்.

“எத்தனை நாளா உடைக்கிறீங்க?” என்று மேலே பார்த்துக் கேட்டான்.

“வாங்க மேஸ்திரி! இன்னியோட ஒன்பது நாளு. நாலே நாள்ல முடிச்சிரலாம்னு வந்தோம். கையெல்லாம் கொப்புளம். கான்கிரீட்டா இது, பாறை.”

“இந்தப் பக்கம் எப்பப் போட்டது?”

“அதே நாள்தான். நடுவுல விழுந்துச்சே, அதுவும் இதுவும் ஒண்ணாத்தானே போட்டீங்க. நீங்கதானே நின்னு போட்டது?”

“ஒரே கலவை” என்றான் தம்பி. கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை.

“ஒரே கலவைதான் மேஸ்திரி. நாள் ஆனதும் இறுகிடுச்சு.”

நான் எடை அறைக்கு நேரமாகிறது, போகலாம் என்றேன். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கைத்தடியை ஊன்றி ஊன்றித் தளத்துக்கு அடியில் போனான். இடது கையை உயர்த்தித் தளத்தின் அடிப்பரப்பில் உள்ளங்கையை வைத்தான். மேலே அடி விழுந்துகொண்டேயிருந்தது. வைத்த கையை எடுக்காமல் கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தான்.

நான் கீழே பார்த்தேன். என் காலடியில் ஒரு கிழிந்த சாக்கின் மேல், உடைக்கிறவர்கள் கழித்துப் போட்ட உளிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பதினொன்று இருந்தன. எல்லாவற்றுக்கும் முனை மழுங்கி, அடிவாங்கிய தலை காளான் போல விரிந்து போயிருந்தது. மேலேயிருந்து ஒருவன் இறங்கி வந்து, கையிலிருந்த உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதையும் அந்த வரிசையில் வைத்தான்.